தமிழ் வழியே கொரிய மொழி: ஒரு தொடக்கநிலைப் பாடம்

கொரிய மொழி கற்கும் ஆர்வம் இன்று நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது. தொலைக்காட்சித் தொடர்களும் இசைக் குழுக்களும் அதற்கு ஒரு காரணம். வேலைவாய்ப்பு மற்றொரு காரணம். ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இந்தியாவில் தொடங்கப்பெற்று, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தன் முதல் காரைச் சந்தைக்கு அனுப்பியது. அதே 1996இல் ஷின்ஹான் வங்கி மும்பையில் தன் கிளையைத் திறந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை வகுப்புகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் கொரிய மொழியையும் குறிப்பிடுகிறது.

சான்பாடா, நெரூல், செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் எங்கள் கிளைக்கு வரும்போது, 'பிள்ளை கொரிய மொழி வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள். அந்தச் செலவு பயனுள்ளதா?' என்று கேட்பதுண்டு. கட்டணத்தைப் பற்றிப் பேசுமுன் அவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இம்மொழியைக் கற்பதற்கான முதலீட்டில் ஒரு பகுதி அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது வீட்டில் பேசப்படும் தமிழ். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில் இருப்பதால், மாணவர்கள் தமக்கு இயல்பாக வரும் வாக்கிய அமைப்பை விட்டுவிட்டு, ஆங்கிலத்திற்குச் சென்று, மீண்டும் அங்கிருந்து கொரிய மொழிக்குத் திரும்புகிறார்கள். இந்தச் சுற்றுவழியைத் தவிர்ப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

எழுத்தும் ஒலியும்

கொரிய எழுத்துக்குப் பெயர் 'ஹாங்குல்'. சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி, 1446இல் வெளியிட்டார். அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் அசைக்கட்டமாக எழுதப்பெறும். 'க்' என்பதும் 'ஆ' என்பதும் சேர்ந்து 'கா' ஆகும் என்பதை முதல் வகுப்பிலேயே கற்ற நமக்கு இது புதிதன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அசையின் இறுதியில் வரும் மெய்யையும் அதே கட்டத்தின் அடியில் எழுதுவார்கள்.

ஒலிப்பில் மூன்று ஒற்றுமைகள் கைகொடுக்கும். முதலாவது, 'கடல்' என்பதில் வல்லொலியாக இருக்கும் ககரம் 'தங்கம்' என்பதில் மெல்ல ஒலிப்பதுபோல, கொரிய மொழியிலும் ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒருவாறும் இடையில் ஒருவாறும் ஒலிக்கும். இரண்டாவது, ஆங்கில வழியில் கற்போரைத் திணறடிக்கும் ஓர் உயிரொலி நமது குற்றியலுகரத்தை ஒத்தது. 'காசு', 'பாட்டு' என்னும் சொற்களின் இறுதி உகரத்தைப்போல் இதழைக் குவிக்காமல் ஒலித்தால் போதும். மூன்றாவது, மெல்லினத்தின் முன் மெய் திரிதல். பல் + முனை 'பன்முனை' ஆவதுபோல், கொரிய மொழியில் 'ஹாப்னிதா' என எழுதுவதை 'ஹாம்னிதா' என ஒலிப்பார்கள். நன்றி சொல்லும் 'காம்ஸாஹாம்னிதா' இவ்வாறு வந்ததே.

கடினமான இடமும் உண்டு. 'தால்' என்பதை மென்மையாகச் சொன்னால் நிலவு. மூச்சை விட்டுச் சொன்னால் முகமூடி. அழுத்திச் சொன்னால் மகள். இந்த மூவகை வேறுபாட்டைக் காதால் கேட்டே பழக வேண்டும். கீழே தமிழ் எழுத்தில் தந்துள்ள ஒலிப்பெயர்ப்புகள் வழிகாட்டிகளே. ஹாங்குல் எழுத்தைக் கற்றபின் இவற்றைக் கைவிட்டுவிடலாம்.

வாக்கிய அமைப்பு

'நான் வங்கிக்குப் போகிறேன்' என்பதைக் கொரிய மொழியில் சொல்வோம்:

ஜொனுன் உன்ஹெங்-எ காயோ.

ஜொ – நான். உன்ஹெங் – வங்கி. எ – கு. காயோ – போகிறேன். சொற்களின் வரிசை மாறவே இல்லை. எழுவாய் முதலில், பயனிலை இறுதியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். 'ஜொ'வை அடுத்து வரும் 'னுன்' எதைப்பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சுட்டும் இடைச்சொல். இதற்குத் தமிழில் நேரான உருபு இல்லை.

பிற உருபுகளுள் முதலில் கற்க வேண்டியவை:

உல் / ருல் – ஐ. தோங்ஜாங்-உல் ஜுஸெயோ: பாஸ்புக்கைக் கொடுங்கள். கொப்பி-ருல் ஜுஸெயோ: காப்பியைக் கொடுங்கள். மெய்யீற்றுச் சொல்லுக்கு 'உல்', உயிரீற்றுச் சொல்லுக்கு 'ருல்'. கடை + ஐ என்பதில் யகரம் உடம்படுமெய்யாக வந்து 'கடையை' ஆவதை நினைவிற்கொண்டால் இந்த விதி மனத்தில் நிற்கும்.

தோ – உம். ஜொதோ: நானும்.

ரோ – ஆல். காதுரோ: கார்டால், அதாவது கார்டு மூலம்.

எ, எஸொ – இவை இரண்டும் தமிழில் 'இல்' ஆகும். ஆகவே கவனம் தேவை. இருக்கும் இடத்திற்கு 'எ', செயல் நடக்கும் இடத்திற்கு 'எஸொ'. ஸான்பாதா-எ ஸாராயோ: சான்பாடாவில் வசிக்கிறேன். ஸான்பாதா-எஸொ இல்ஹெயோ: சான்பாடாவில் வேலை செய்கிறேன்.

வினைச்சொல்

தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என வினை முற்று திணை, பால், எண், இடம் காட்டும். கொரிய வினை இவற்றில் எதையும் காட்டாது. நான் போனாலும் நண்பன் போனாலும் 'காயோ' ஒன்றே. அது காட்டுவது மரியாதையை. தோழனிடம் 'குரே' என்றால் 'சரி'. பெரியவரிடம் 'குரேயோ' என்றால் 'சரிங்க'. 'ஆமாங்க', 'இல்லீங்க' என்று பேச்சில் நாம் ஒட்டும் 'ங்க' என்பதே அங்கே 'யோ' என்று கொண்டால் பாதி குழப்பம் தீரும். எதிரில் இருப்பவரை உயர்த்திச் சொல்ல, 'காஸெயோ' (போங்கள்) என்பதுபோல் மற்றொரு உருபும் சேரும்.

'நான்' என்பதற்கும் இரண்டு சொற்கள் உள. 'நா' என்பது நெருங்கியவர்களிடம்; 'ஜொ' என்பது பணிவுடன். 'நா' நம் 'நான்' போல் ஒலிப்பதால் தமிழ் மாணவர்கள் அதையே எல்லாரிடமும் சொல்லிவிடுவார்கள். நேர்காணலில் அது பொருந்தாது.

துணைவினைகளைக் கண்டால் வியப்பே மிகும். 'மொகொ' என்றால் சாப்பிட்டு. 'போஸெயோ' என்றால் பாருங்கள். இரண்டும் சேர்ந்த 'மொகொ போஸெயோ' என்பது 'சாப்பிட்டுப் பாருங்கள்'. அவ்வாறே 'ஸா ஜுஸெயோ' என்பது 'வாங்கிக் கொடுங்கள்'. 'ஒஜெ ஓன் ஸாராம்' என்பது 'நேற்று வந்த ஆள்'. பெயரெச்சம் நம்முடையதைப்போலவே பெயருக்கு முன் நிற்கிறது. உண்டு, இல்லை என்பவற்றுக்கு இஸ்ஸொயோ, ஒப்ஸொயோ. தோனி இஸ்ஸொயோ: பணம் இருக்கிறது. ஷிகானி ஒப்ஸொயோ: நேரம் இல்லை.

மராத்தியிலும் இந்தியிலும் வினை இறுதியில்தான் வருகிறது. ஆகவே மும்பையில் வளரும் எந்தக் குழந்தைக்கும் ஓரளவு உதவி உண்டு. ஆனால் உருபுகளை அடுக்கும் முறையும், 'வந்த ஆள்' போன்ற பெயரெச்சமும், குற்றியலுகரமும் தமிழ் தரும் கூடுதல் உதவிகள்.

உறவா, ஒற்றுமையா?

இத்தனை ஒற்றுமைகளைக் கண்டோர் இரு மொழிகளும் ஒரு தாய் மக்களோ என எண்ணியதுண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அவ்வுறவை ஏற்பதில்லை. சொல்லோடு உருபுகளை ஒட்டிச் செல்லும் அமைப்பு ஜப்பானிய, துருக்கி, மங்கோலிய மொழிகளுக்கும் பொது. 'அப்பா' போன்ற மழலைச் சொற்கள் உலகெங்கும் ஒத்திருக்கும். கொரிய மொழியில் 'ஒன்னி' என்பது ஒரு பெண் தன் அக்காளை அழைக்கும் சொல், 'அண்ணி' அன்று. ஆகவே அமைப்பை நம்புங்கள்; ஒலியை நம்பாதீர்கள்.

எண்களும் பணமும்

பணத்தை எண்ணச் சீன மூலமுடைய எண்களைப் பயன்படுத்துவர்: இல், இ, ஸாம், ஸா, ஓ, யுக், சில், பால், கு, ஷிப். நூறு – பெக். ஆயிரம் – சொன். பத்தாயிரம் – மான். நாம் ஆயிரத்திற்குப் பின் இலட்சம், கோடி எனச் செல்கிறோம். அவர்கள் பத்தாயிரத்தை அலகாகக் கொள்கிறார்கள். ஆதலால் ஓர் இலட்சம் என்பது பத்து மான், அதாவது 'ஷிம்மான்'. பத்து இலட்சம் 'பெங்மான்'. ஒரு கோடி 'சொன்மான்'. பத்துக் கோடிக்கு 'ஒக்' என்னும் தனிப்பெயர். 25,000 வொன் என்பது 'இமான் ஓசொன் வொன்'. கல்விக் கட்டணப் படிவத்தையோ சம்பளக் கடிதத்தையோ படிக்கும்போது ஒரு சுழியம் தவறினால் கணக்கே மாறிவிடும். ஆகவே இப்பகுதியை எழுதிப் பழகுவது நலம்.

அன்றாடத் தொடர்கள்

அன்ன்யொங்ஹாஸெயோ – வணக்கம் (நலமாக இருக்கிறீர்களா?)
பாம் மொகொஸ்ஸொயோ? – சாப்பிட்டீர்களா? (நலம் விசாரிப்பும் இதுவே, 'பாப்' என்றால் சோறு)
ஒல்மாயெயோ? – விலை எவ்வளவு?
இகொ ஜுஸெயோ – இதைக் கொடுங்கள்
உன்ஹெங்-இ ஒதி-எ இஸ்ஸொயோ? – வங்கி எங்கே இருக்கிறது?
தோவாஜுஸெயோ – உதவுங்கள்
க்வென்சானாயோ – பரவாயில்லை
அன்ன்யொங்ஹி காஸெயோ – நலமாகப் போய் வாருங்கள் (புறப்படுபவரிடம்)
அன்ன்யொங்ஹி கேஸெயோ – நலமாக இருங்கள் (தங்கியிருப்பவரிடம்)

கட்டணம் செலுத்துமுன்

கற்றதை அளக்க 'டோபிக்' என்னும் தேர்வு இருக்கிறது. அதன் முதற்பிரிவு 200 மதிப்பெண்களுக்கு உரியது; கேட்டல் வினா 30, படித்தல் வினா 40. எண்பது பெற்றால் முதல் நிலை, 140 பெற்றால் இரண்டாம் நிலை. வகுப்பில் சேருமுன், அவ்வகுப்பு எந்த நிலைக்கு ஆயத்தம் செய்கிறது என எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிங் சேஜோங் நிறுவனம் இணையவழிப் பாடங்களை வழங்குகிறது. அவற்றில் ஒரு மாதம் பயின்று, பிள்ளையின் ஆர்வம் நிலைக்கிறதா எனப் பார்த்தபின் பெருந்தொகையைச் செலுத்தலாம்.

மொழி கற்றால் கொரியாவில் தொழிற்சாலை வேலை நிச்சயம் என்று முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. அயல்நாட்டுத் தொழிலாளர்களை அரசுகளின் உடன்பாட்டின்வழி அழைக்கும் கொரியாவின் பணி அனுமதித் திட்டத்தில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. இலங்கையில் உள்ள உறவினருக்குக் கிடைத்த வழி இங்குள்ளவர்க்கும் திறந்திருக்கிறது என்று எண்ணிப் பணம் அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் எவராயினும், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா என உறுதி செய்துகொண்டபின் பேசுங்கள்.

வகுப்பில் சேர்த்த பிள்ளையிடம் வீட்டில் தமிழில் பேசுவதையும் நிறுத்தாதீர்கள். 'நேற்று வந்த ஆள்', 'சாப்பிட்டுப் பார்' என்னும் தொடர்கள் பாட்டியின் பேச்சிலிருந்து தாமாகவே காதில் விழுந்த குழந்தைக்கு, கொரிய இலக்கணத்தின் பல பாடங்கள் பாதி படித்தவையாகவே வந்து சேரும்.