வயசுபோனவையை ஆஸ்பத்திரியில மறிச்சு வைச்சால்: அக்கா சொல்லுறதைக் கேளுங்கோ

காங்கேசன்துறை ஆக்களுக்கு ஒரு அவசரமெண்டால் கிட்ட இருக்கிறது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அங்க முடியாட்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாத்துவினம், அது 18 கிலோமீற்றர் அளவு. சளிக்காய்ச்சல், சலக்கடுப்பு, சீனி இறங்கினது, தலைசுத்தி விழுந்தது எண்டு வயசுபோனவையை நாலைஞ்சு நாளைக்கு மறிச்சு வைப்பினம். வருத்தம் மாறிவிடும். ஆனால் நடந்து போன ஐயாவை ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு வீட்டை கூட்டிவாற கதையள்தான் கனக்க.

சென்னை கிண்டியில வயசுபோனவைக்கெண்டே 200 கட்டிலோட ஒரு ஆஸ்பத்திரி 2024இல திறந்தவை. எங்கட பக்கம் பெரும்பாலும் பொது மருத்துவ விடுதிதான். மாரியில டெங்குக்காரரும் சேர்ந்தால் மிஸ்மாருக்கு மூச்சுவிட நேரமிராது. அதாலதான் உங்களுக்கு இவ்வளவும் சொல்லுறன்.

1. பையை இண்டைக்கே கட்டி வையுங்கோ. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, சாரம் அல்லது சோட்டி, போர்வை, கோப்பை, கரண்டி, சுடுதண்ணிப் போத்தல், வழுக்காத செருப்பு. மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், காது மெசின் மூண்டையும் மறக்கவே கூடாது. காப்பு, சங்கிலியைக் கழட்டி வீட்டில வைச்சிட்டுப் போங்கோ. 60 வயசு தாண்டினவைக்கு முதியோர் அடையாள அட்டை இருக்கு. எடுக்காட்டி விதானையாரைக் கேட்டு, பிரதேச செயலகத்தில எடுத்து வையுங்கோ.

2. ஓட்டோ தேடி நேரத்தை வீணாக்காதேங்கோ. 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வீட்டை வரும், காசில்லை. வாய் கோணினால், ஒரு பக்கக் கை விழுந்தால், கதை குழறினால் எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு பார்த்து எழுதுங்கோ. பாரிசவாதத்தில இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ளதான் போடலாம். "விடியட்டும், பாப்பம்" எண்டு தைலம் தடவிக்கொண்டு இருக்காதேங்கோ.

3. குளிசை விசயத்திலதான் கனபேர் பிழை விடுகினம். எல்லாத்தையும் ஒரு ரின்னில கொட்டிக் கலந்து கொண்டுபோனால், டொக்டர் எதை எதெண்டு கண்டுபிடிக்கிறது? மட்டையோட கொண்டு போங்கோ. கடையில வாங்கிப் போட்ட நோக்குளிசை, நாட்டுவைத்தியரிட்ட வாங்கின சூரணம், பனடோல் எல்லாத்தையும் சொல்லுங்கோ. சொன்னால் பேசுவினமெண்டு மறைக்கிறதுதான் ஆபத்து. நோக்குளிசைகளில சிலது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அது தெரியாமல் அவை வேற மருந்து எழுதிவிடுவினம்.

வாட்டில மருந்து குடுக்கத் தொடங்கினால், வீட்டுக் குளிசையை ஒளிச்சு வைச்சுக் குடுக்கவே கூடாது. சீனிக் குளிசை ரெண்டு தரம் போய், அம்மா சரியாச் சாப்பிடாமலும் இருந்தால், சீனி விழுந்து மயங்கிவிடுவா. வழமையாப் போடுற ஒரு குளிசையை வாட்டில குடுக்கேல்லை எண்டால் மிஸ்ஸிட்ட கேளுங்கோ. தெரிஞ்சுதான் நிப்பாட்டியிருப்பினம், இல்லாட்டி விடுபட்டிருக்கும். ரெண்டிலயும் கேக்கிறதில தப்பில்லை.

4. ராத்திரியில மாறாட்டம் வரலாம். பகல் நல்லாக் கதைச்ச அப்பு, இரவில "வள்ளம் வருது, வலையை எடு" எண்டு அலட்டுவார், சேலைன் ஊசியைப் புடுங்குவார். பயப்படாதேங்கோ, அவருக்குப் பைத்தியமில்லை, பேயும் பிடிக்கேல்லை. கிருமி, மலச்சிக்கல், சலம் அடைச்சது, நித்திரையில்லாதது, தெரியாத இடம், சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து செய்யிற வேலை அது. காரணத்தைப் பார்த்து வைத்தியம் செய்தால் பெரும்பாலும் தெளியும், சிலருக்கு மட்டும் கொஞ்ச நாள் இழுக்கும். நூல் கட்டவேணுமெண்டால் கட்டுங்கோ. ஆனால் முதல் மிஸ்ஸிட்ட ஓடிப்போய், "நேற்று இப்பிடி இல்லை, இண்டைக்குத்தான்" எண்டு சொல்லுங்கோ. அந்த ஒரு வசனம் டொக்டருக்குப் பெரிய உதவி.

அப்பிடியான நேரம் அவரோட வாதாடாதேங்கோ, கையைக் கட்டவும் வேண்டாம். கண்ணாடியைப் போட்டுவிடுங்கோ. காது மெசினை மாட்டி, இண்டைக்கு என்ன கிழமை, எந்த ஆஸ்பத்திரி, நான் ஆர் எண்டு மெதுவாச் சொல்லுங்கோ. தெரிஞ்ச குரல் பக்கத்தில இருந்தால் பாதி அடங்கும்.

5. படுக்க விடாதேங்கோ! "பாவம், கிடக்கட்டும்" எண்டு நீங்கள் காட்டுற இரக்கம்தான் காலை விழுத்துறது. சுகமா இருந்த வயசுபோனவையைப் பத்து நாள் படுக்கையில வைச்சுப் பார்த்து 2007இல ஒரு ஆய்வு வந்தது. காலில மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. வருத்தக்காரருக்கு எப்பிடியிருக்கும் எண்டு யோசியுங்கோ. டொக்டரைக் கேட்டு, சாப்பாட்டை எழுப்பி இருத்திக் குடுங்கோ. கக்கூசுக்குக் கையைப் பிடிச்சு நடத்திக்கொண்டு போங்கோ. லேசெண்டு நினைச்சு அவசியமில்லாமல் பம்பஸ் கட்டாதேங்கோ. சலத்துக்குக் குழாய் போட்டிருந்தால் "இது இன்னும் தேவையோ?" எண்டு ஒவ்வொரு நாளும் கேளுங்கோ. கிடக்கக் கிடக்கக் கிருமி ஏறும். விழுறது கனக்க ராத்திரி சலத்துக்குத் தனிய எழும்பேக்கைதான், அதால படுக்க முதல் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ.

6. கஞ்சி, இடியப்பம், சொதி போதும். விழுங்கக் கஷ்டமெண்டால் கேக்காமல் ஒண்டும் பருக்க வேண்டாம்.

7. டொக்டரோட கதைக்கிறது ஒராள் மட்டும். காலமை வாட் பார்க்க வாற நேரம் அந்த ஒராள் நிக்கவேணும், கேள்வியளைத் துண்டில எழுதிக்கொண்டு. கனடாவில இருக்கிற அண்ணை, லண்டனில இருக்கிற அக்கா எல்லாரும் தனித்தனிய எடுத்தால் பக்கத்தில நிக்கிறவவுக்கு நித்திரையில்லை. பின்னேரம் ஒரு குரல்பதிவை வைபர் குறூப்பில போட்டுவிடுங்கோ. பார்க்க வாறவையும் அப்பிளும் நெஸ்டமோல்ட்டுமா அடுக்காதேங்கோ, அம்மாவுக்குச் சீனி. இரவு நிக்கிற ஆளையும் மாத்தி மாத்தி விடுங்கோ, ஒரு மகளின்ர தலையில எல்லாத்தையும் கட்டாதேங்கோ.

8. துண்டு வெட்டினவுடன ஓட்டோவைக் கூப்பிடாதேங்கோ. புதுக் குளிசை எது, நிப்பாட்டினது எது, எத்தினை நாளைக்கு எண்டு கேட்டு, ஒவ்வொரு மட்டையிலயும் பேனையால எழுதுங்கோ. கிளினிக் திகதியைக் கேளுங்கோ. திரும்பவும் என்ன நடந்தால் உடன கொண்டுவர வேணுமெண்டும் கேளுங்கோ. வீட்டை போனவுடன பழைய, நிப்பாட்டின குளிசையளை எடுத்து வேறயா வையுங்கோ, ரெண்டையும் சேர்த்துப் போட்டுத் திரும்ப வாட்டுக்கு வாறவை இருக்கினம். டயக்னோசிஸ் கார்ட்டைப் போனில படமெடுத்திட்டு, கிளினிக் கொப்பிக்குள்ள வையுங்கோ. அடுத்தமுறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவை முதல் கேக்கிறது அதைத்தான்.