நண்டு வளை

நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன், தை அறுவடை நேரத்தில், ஒரே ரசீதை இரண்டு முறை பதிந்துவிட்டேன். தப்பைக் கண்டுபிடிக்க இரவு 11 மணி ஆயிற்று. கை எழுதிக்கொண்டிருந்தபோது மனம் போனுக்கும் கடனுக்கும் மகள் படிப்புக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாளே தியானம் என்று இறங்கினேன். அறையைச் சாத்திக் கண்ணை மூடினால், அதுவரை வராத கவலையெல்லாம் வரிசையாக வந்தது. திருமந்திரத்தில் மூச்சை இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை என்று கணக்கு இருப்பதைக் கேள்விப்பட்டு, நானாகவே செய்து பார்த்தேன். தலை சுற்றியது. யோகா சொல்லிக்கொடுக்கும் நண்பர் கண்டித்தார்: "நிறுத்தறதை விட்டுடுங்க சார். விடுற மூச்சை மட்டும் எண்ணுங்க."

அதை எடுத்துக்கொண்டு ஹரித்ராநதிக் கரைக்குப் போனேன். எங்கள் மன்னார்குடித் தெப்பக்குளம் ஏறக்குறைய 23 ஏக்கர். நிதானமாக நடந்தால் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஆகிறது. போன் வீட்டு அலமாரியில். வடகரையில் காதுக்கு மட்டும் வேலை: சைக்கிள், காக்கை, யாரோ வாசல் தெளிக்கும் சத்தம். கீழ்கரையில் உள்ளங்கால் தரையில் படுவது. தென்கரையில் விடும் மூச்சு, ஒன்றிலிருந்து பத்து வரை. மேல்கரையில் எதுவும் செய்யாமல், குளத்து நடுவில் இருக்கும் கோயிலைப் பார்த்துக்கொண்டே நடப்பது.

முதல் மாதம் எண்ணிக்கை நான்கைத் தாண்டவில்லை. என் மேலேயே கோபம் வந்தது. அப்போது அப்பா நினைவுக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், பாய்ச்சிய வயலின் வரப்பில் மண்வெட்டியோடு நடப்பார். நண்டு வளை வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடியிருக்கும். நான் சலித்துக்கொண்டால், "தண்ணியைத் திட்டி என்னடா பண்றது, வளையைப் பாரு" என்பார். ஒரு கை சேற்றை அப்பி மிதித்துவிட்டு மேலே நடப்பார். மறுநாள் வேறு இடத்தில் வளை இருக்கும். அதற்கும் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு எண்ணிக்கை விட்டுப்போனால் திட்டுவதில்லை. எங்கே ஒழுகியது என்று ஒரு தரம் பார்ப்பேன். போனா, கடனா? பார்த்ததும் மறுபடி ஒன்று. இந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி என்று இன்று உறுதியாகச் சொல்வேன். மனம் ஓடாமல் இருப்பதற்காகக் காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' படித்தபோது இன்னொரு ஆறுதல் கிடைத்தது. 5-ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்ற தேரர் இந்தக் காவிரி நாட்டில் இருந்துகொண்டு பாலியில் நூல்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்றான அபிதம்மாவதாரம் மனத்தின் கூறுகளைப் பிரித்துச் சொல்வது. அபிதம்மம் என்னும் பௌத்த மன ஆய்வின் கணக்குப்படி, எழுகிற ஒவ்வொரு சித்தத்திலும் 'ஏகக்கதா', அதாவது ஒருமைப்பாடு, இருந்தே தீரும் ஏழு கூறுகளில் ஒன்று. அலைகிற மனத்திலும் அது இருக்கிறது, வலு இல்லாமல். வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் இல்லை என்றதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

வீட்டிலும் கடையிலும் இரண்டே பழக்கம் வைத்திருக்கிறேன். காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்வரை அடுப்படியை விட்டு நகர்வதில்லை; சொட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். கடையில் ஒவ்வொரு ரசீதுக்கும் முன் பேனாவை வைத்துவிட்டு ஒரு மூச்சு முழுதாக விடுவேன். சீசன் நேரத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போதும் அந்த ஒரு மூச்சை விட்டுக்கொடுப்பதில்லை. நடை தவறும் நாள் உண்டு, இது தவறுவதில்லை. மனைவி ஒருநாள், "இப்பல்லாம் நான் சொல்றது உங்க காதுல விழுதுங்க" என்றாள். அமைதி என்று எனக்குக் கிடைத்ததில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

நீங்கள் தொடங்குவதானால் குளமோ கோயிலோ வேண்டாம். தினமும் செய்கிற ஒரு வேலை போதும். ஆனால் மூச்சை அடக்கும் பயிற்சியை மட்டும், நேரில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் தொடாதீர்கள்.