முதல் தடவை நோட்டுப் புத்தகம் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் திரைக்கதையைப் படித்தேன். காதல் இருக்கிறது, கொலை இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. நண்பன் வரும் காட்சிகளை மொத்தமாக வெட்டினாலும் கதை அப்படியே நிற்கிறது. காமெடி ட்ராக்கைத் தனியாக எழுதி வாங்கிச் சொருகிய காலத்துப் பழக்கம் உன் கைக்கும் வந்துவிட்டதே!

திருத்துவதற்கு முன் ஒரு படம் பார். ஸ்டான்லி டோனன் இயக்கி, 1963 டிசம்பரில் வந்த ‘ஷரேட்’. கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்தது. கண்ணில் பட்ட முதல் பிரதியில் உட்கார்ந்துவிடாதே. பதிப்புரிமை அறிவிப்பை முறைப்படி போடாமல் வெளியிட்டதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் அப்போதே பொதுவுடைமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகல் போட்டார்கள். சாயம் போனவை, ஒலி கரகரப்பவை ஏராளம். சீரமைத்த பிரதியாகத் தேடு. சார்லஸ் லாங் படம்பிடித்த பாரிஸை மங்கலாகப் பார்ப்பது பாவம்.

கதைச் சுருக்கம் எதையும் படிக்காதே. நானும் முடிச்சை அவிழ்க்கமாட்டேன். நோட்டுப் புத்தகம், பேனா எல்லாம் வெளியே இருக்கட்டும். முதல் தடவை நீ ஏமாறவேண்டும். ஏமாறாதவனுக்கு இந்தப் படத்தில் பாதி கிடைக்காது.

தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஓடும் ரயிலிலிருந்து ஒரு பிணம் வந்து விழுகிறது. மாரிஸ் பைண்டரின் டைட்டில், ஹென்றி மான்சினியின் இசை. அடுத்து ஒரு பனிச்சறுக்கு விடுதி. வெயிலில் உட்கார்ந்து சாப்பிடும் ஹெப்பர்னை நோக்கி ஒரு துப்பாக்கி நீள்கிறது. பாய்வது தண்ணீர். ஒரு பொடியனின் விளையாட்டுத் துப்பாக்கி! இனி பயப்படவேண்டிய இடத்தில் சிரிப்பாய், சிரிக்கிற இடத்தில் கொஞ்சம் பயப்படு என்று படம் உன்னிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது.

அந்த ஒப்பந்தம் முழுசாகப் பலிப்பது ஹெப்பர்னின் கணவனாக வருபவனின் இறுதிச் சடங்கில். ஆளில்லாத தேவாலயம். இன்ஸ்பெக்டர் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று பேர் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருவன் பிணத்தின்மேல் தும்முகிறான். இன்னொருவன் மூக்கருகே கண்ணாடி பிடித்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறான். மூன்றாமவன் ஊசியால் குத்திப் பார்க்கிறான். நாம் சிரித்து முடிப்பதற்குள் மூன்று வில்லன்களும் அறிமுகமாகிவிட்டார்கள். செத்தவனை அவர்கள் எவ்வளவு நம்பவில்லை என்பதும் வசனமில்லாமலே புரிந்துவிட்டது. இதிலே எதை வெட்டுவாய்?

காதலும் அப்படித்தான். அப்போது கிராண்ட் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், ஹெப்பர்ன் முப்பதுகளின் முன்பாதியில். இந்த வயதில் அந்தப் பெண்ணைத் துரத்துவதா என்று அவருக்குத் தயக்கம். எழுத்தாளர் பீட்டர் ஸ்டோன் துரத்தலைத் திருப்பிப் போட்டார்: அவள் துரத்துகிறாள், அவர் நழுவுகிறார். நடிகரின் கூச்சத்துக்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் அதனால் த்ரில்லர் இறுகிவிட்டது. கொலைகாரனாக இருக்கக்கூடிய ஒருவனின் பின்னால் அவளே போகிறாள். ‘இவன் யார்?’ என்று காதலியாகவும் கேட்கிறாள், உயிருக்குப் பயந்தவளாகவும் கேட்கிறாள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். உன் கதையில் அவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். அதனால்தான் பாட்டு வந்ததும் கொலை காத்துக்கொண்டு நிற்கிறது.

குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். நடுவில் சந்தேகம் ஒரே சுற்றில் கொஞ்சம் சுழலும். ஹெப்பர்னின் ஜிவான்ஷி உடைகள் அந்த நேரத்தைக் கடத்திவிடும். 2002-ல் ஜொனதன் டெம்மி இதையே மறுபடி எடுத்தார். அதை இப்போது தொடாதே.

இரண்டாம் தடவை நோட்டுப் புத்தகத்தோடு பார். படத்தில் எல்லாரும் ஒரு பணத்தைத் தேடுகிறார்கள்; அது எந்தக் காட்சியிலிருந்து உன் கண்முன் கிடந்தது என்று குறித்துக்கொள். பிறகு உன் பேருந்து நிலையக் காட்சியை மட்டும் திரும்ப எழுதி எடுத்து வா. அவனை அவள் நம்பக்கூடாததற்கு ஒரு காரணம் அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கட்டும், அதுவும் அவளைச் சிரிக்கவைக்கிற காரணமாக.

அன்புடன்,
அண்ணன்