கல்லாப்பெட்டியும் நோயுற்ற குழந்தையும்



குழந்தைகளுக்கும் புற்றுநோய் வருமா என்று நம்மவரில் பலர் இன்றும் வியப்புடன் கேட்கின்றனர். வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிறந்த சிசு முதல் 19 வயதுப் பிள்ளை வரை, ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் பேரை இவ்வியாதி பற்றுகின்றது. பெரியவர்களின் புற்றுக்குச் சொல்லப்படும் புகையிலை, மது முதலிய காரணங்கள் இவர்கள் விஷயத்தில் பொருந்துவதில்லை. பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்றே கூற முடிவதில்லை. தாய் உண்டதாலும் அன்று, தந்தை செய்ததாலும் அன்று, கண்ணேறும் அன்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. இதை முதற்கண் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். அண்டை வீட்டார் தம் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு விளையாட விடாமல் இழுத்துக் கொண்டு போவதைப் பார்க்க நேரும் தாயின் வேதனை, வியாதியின் வேதனைக்குக் குறைந்ததன்று.

வசதியுள்ள நாடுகளில் இவ்விதம் நோயுறும் குழந்தைகள் 100 பேரில் 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகளிலோ 30 பேர்கூடத் தேறுவதில்லை. மருந்துகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுள் பல, உரிமைக்காலம் முடிந்து போன பழைய மருந்துகள். பின் ஏன் இவ்வளவு வித்தியாசம்? நோயைக் காலங்கடந்து அறிதல் ஒன்று. மருந்தும் தேர்ந்த டாக்டரும் அருகில் கிடையாமை மற்றொன்று. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுதல் மூன்றாவது. முதல் இரண்டும் அரசாங்கமும் மருத்துவரும் பார்க்க வேண்டியவை. மூன்றாவதில்தான் கடை வைத்திருக்கும் நமக்கு வேலை இருக்கிறது. ஆதலின் இம்மாதப் பாடத்தை அதன்மேல் வைத்துக் கொள்வோம்.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். 1895-ல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குக் கப்பலேறினார். கையில் காசில்லாமையால் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை பார்த்துக் கொண்டே மேற்படிப்புப் படித்தார். பின்னாளில் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சித் தலைவரானார். அவருடைய குழுவினர் ஆக்கித் தந்த மருந்தைத்தான் பாஸ்டன் டாக்டர் ஸிட்னி ஃபார்பர், 1947-ஆம் ஆண்டு முடிவில், இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அதுவரை வாரக்கணக்கில் மாண்டு கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தனர். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது மெய்தான். ஆயினும் பூட்டிக் கிடந்த கதவில் ஒரு கீறல் விழுந்தது. அடுத்த ஆண்டிலேயே சுப்பாராவ் காலமாகிவிட்டார்.

ஆராய்ச்சியை மேலும் நடத்த ஃபார்பருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1948-ஆம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி இரவு, அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பேச வைத்தார்கள். அவனுக்குப் பிரியமான பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வந்து நின்றனர். அவர்கள் ஆடுவதைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், அவன் போன்ற பிள்ளைகளுக்காக ஆராய்ச்சி நடக்கவும் வேண்டும், உங்களால் ஆனதை அனுப்புங்கள் என்றனர். 2 லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. பின்பு சினிமாக் கொட்டகைகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் டப்பாக்களைக் குலுக்கிக் காசு சேர்த்தார்கள். அந்த நிதி இன்றுவரை நடந்து வருகிறது.

இதில் நான் வியப்பது பணத்தையன்று. அந்தச் சிறுவனின் மெய்ப்பெயரை அவர்கள் வெளியிடவில்லை. ‘ஜிம்மி’ என்று ஒரு பெயரைச் சூட்டி, அப்பெயராலேயே நிதி திரட்டினார்கள். அவன் இறந்திருப்பான் என்றே ஊரார் எண்ணினர். 50 ஆண்டுகள் கழித்து, 1998-ல், லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பஸ்தராக அவர் வெளிப்பட்டார். அத்தனை ஆண்டுகளும் ஊராரின் அனுதாபப் பார்வை அவரைத் துரத்தாமல் அவருடைய வாழ்வு அவருடையதாகவே இருந்தது.

இனி நம் காலத்து வழக்கத்தைப் பாருங்கள். முடி உதிர்ந்து, மூக்கில் குழாய் செருகிக் கிடக்கும் பிள்ளையின் படத்தை, பெயர், தகப்பன் பெயர், அடையாளக் கார்டு எண் சகிதம் கைத்தொலைபேசியில் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோம். நல்ல எண்ணந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் குழந்தை தேறி வளர்ந்து, 22 வயதில் மாப்பிள்ளை பார்க்கும்போதும் அந்தப் படம் யாருடைய தொலைபேசியிலோ இருக்கும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பது நமக்குப் புதிதன்று. வாங்குபவரின் முகத்தையும் அவ்வாறே மறைத்தால் என்ன? சங்கத்தின் பொறுப்பாளர் இருவர் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்துச் சரியென்று சொன்னால் போதாதா?

அடுத்தது வணிகர்கள் கதை. அமெரிக்காவுக்குக் குடியேறிய லெபனானியரும் சிரியரும் தொடக்க காலத்தில் மூட்டை சுமந்து ஊர் ஊராய்ச் சென்று சாமான் விற்றவர்கள்; பிறகு சிறு கடை வைத்தவர்கள். நம் முன்னோர் துணி மூட்டையோடு இந்நாட்டில் இறங்கியது போலவே. அவர்கள் வழியில் வந்த டானி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், குழந்தைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி கட்டுவதென்று நேர்ந்து கொண்டிருந்தார். கட்டிடம் எழுப்புவதைவிட அதை நாள்தோறும் நடத்துவதே பெருஞ்செலவு என்று உணர்ந்து, 1957-ல் தம் இனத்தாரை அழைத்துப் பேசினார். இந்த நாடு நமக்கு வாழ்வளித்தது, அதற்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்பதே பேச்சின் சாரம். அவர்கள் சங்கமாய்ச் சேர்ந்து வீடு வீடாய் ஏறி இறங்கினர். 1962 பெப்ரவரி 4-ந் தேதி மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வெள்ளையர் கறுப்பர் என்று பிரித்து வைத்திருந்த தென்பகுதியில், இரு நிறத்துப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் படுக்க வைத்தார்கள். கட்டிடத்தை வரைந்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். கூலி வாங்காமல் வரைந்து கொடுத்தார். வைத்தியத்துக்கோ, பயணத்துக்கோ, தங்குவதற்கோ, சாப்பாட்டுக்கோ அங்கே எந்தக் குடும்பத்துக்கும் பில் கொடுப்பதில்லை.

ஆஸ்பத்திரி திறந்த அவ்வருஷத்தில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றில் 100-க்கு 4 பேரே பிழைத்தனர். இன்று அதே ஆஸ்பத்திரியில் 94 பேர் பிழைக்கின்றனர். முதல் தலைவரான டாக்டர் டொனால்ட் பிங்கல் கண்ட விஷயம் இதுதான். ஒரு மருந்து கொடுத்தால் நோய் அடங்கியது போல் காட்டும், பிள்ளை ஓடியாடும், ஆனால் மருந்து எட்டாத மூளைச் சவ்வின் இடுக்கில் நோயணுக்கள் பதுங்கிக் கிடந்து மீண்டும் கிளம்பும். எனவே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பதுங்குமிடத்துக்குத் தனியே வைத்தியம் செய்ய வேண்டும், பிள்ளை தேறிவிட்டதாகத் தோன்றிய பின்பும் 2, 3 வருஷம் விடாமல் நடத்த வேண்டும். இம்முறையால் 1970-களின் தொடக்கத்துக்குள் பாதிப் பேர் பிழைக்கலானார்கள்.

நம் பக்கத்துக் கதையும் சோடையன்று. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் உள்ளிட்ட சில மருத்துவமனைகளின் டாக்டர்கள், 2003 முதல் ‘மா-ஸ்போர்’ என்ற பெயரில் ஒரே திட்டமாய்ச் சேர்ந்து இந்நோய்க்கு வைத்தியம் செய்து வருகின்றனர். எஞ்சியுள்ள நோயணுக்களை நுட்பமாய் அளந்து, ஆபத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு மருந்தைக் குறைத்தும் பார்த்தார்கள். 10-ல் 8 பேருக்கு மேல் பிழைத்தனர். ஊருக்குக் கொண்டு போய் நாட்டு மருந்து கொடுக்கலாம் என்று யோசனை கூறும் பெரியவர்கள் இதைத் தெரிந்து கொள்வது நலம்.

வியாதியின் கணக்கு 2 வருஷம். நம் வசூலின் கணக்கோ 2 வாரம். இங்கேதான் பிசகு நேருகிறது.

செய்தி வந்த முதல் வாரத்தில் எல்லாரும் கொடுக்கிறோம். உறை நிரம்புகிறது, பழக்கூடை குவிகிறது. எட்டாம் மாதத்தில் அந்தத் தகப்பனார் பஸ்ஸுக்குக் காசு தேடுகிறார். மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வைத்தியக் கட்டணம் சொற்பமே. சிங்கப்பூரிலும் ஏழைகளுக்கு மெடிஃபண்ட் என்ற நிதி 1993 முதல் இருக்கிறது. ஆனால் குடும்பத்தை உடைப்பது மருந்துச் சீட்டு மட்டுமன்று. தாயோ தந்தையோ ஒருவர் வேலையை விட்டாக வேண்டும். தைப்பிங்கிலிருந்தோ குவாந்தானிலிருந்தோ தலைநகர் வந்து போகும் செலவு, அங்கே தங்கும் செலவு, வீட்டில் விட்டு வந்த மற்றப் பிள்ளைகளின் சோறும் பள்ளிக்கூடமும், தவணை கட்டாத வாகனம் என்று ஒவ்வொன்றாய் வந்து நிற்கும். வரவு நின்று செலவு நிற்காத கடை எத்தனை மாதம் தாங்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே 5,000 ரிங்கிட் ஒரே நாளில் கொடுப்பதைவிட, மாதம் 200 ரிங்கிட் வீதம் 25 மாதம் கொடுப்பது அக்குடும்பத்துக்கு மேலான உதவி என்பது என் கருத்து. மாதம் பிறந்தால் வாடகை கட்டுவது போல அதையும் பேரேட்டில் ஒரு பற்றாக எழுதி வைத்துவிடலாம். 10 கடைக்காரர் சேர்ந்தால் ஆளுக்கு 20 ரிங்கிட். நம் கடையில் நாலு பேர் தேத்தாரேயும் ரொட்டியும் சாப்பிட்ட காசு. பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதுமில்லை. மளிகைக் கடைக்காரர் அரிசி, எண்ணெய் கொடுக்கலாம். வீடு வாடகைக்கு விடுபவர், ஆஸ்பத்திரிக்கு அருகில் ஓர் அறையை ஒதுக்கலாம். 1974-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் உணவுக்கடைக் குழுமத்தார், ஒரு பானத்தின் விற்பனையில் வந்த பணத்தைக் கொண்டே, நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்க ஒரு வீடு வாங்க உதவினர். அப்படிப்பட்ட வீடுகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடை நடத்தும் நம்மவர்கள் இதை யோசிக்கட்டும்.

ஜக்காத் குறித்து ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் அந்தந்த மாநில சமய மன்றம் ஆகியவையே அதை வசூலித்து வழங்குகின்றன. வருமானம் இழந்த குடும்பம் அங்கே மனுச் செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மனு எழுதப் படித்த பையன் ஒருவனைக் கூட அனுப்புவதும் தர்மந்தான். ஸதக்காவுக்கோ வேலி கிடையாது. பக்கத்துக் கட்டிலில் கிடப்பது சீனக் குழந்தையானாலும் அதன் தாய்க்கும் அதே பஸ் செலவுதான். கல்லாப்பெட்டி அருகே உண்டியல் வைப்பதானால், முறைப்படி அனுமதி பெற்ற அமைப்பின் உண்டியலாய் இருக்கட்டும். அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வசூலித்துச் சட்டத்தில் மாட்டிக் கொள்ள வேண்டாம்.

நம் கடைச் சிப்பந்திகளில் பலருக்குப் பிள்ளைகள் இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் இருக்கின்றனர். அங்கே ஒரு பிள்ளைக்கு இந்நோய் வந்தால், முதலாளியாகிய நீங்கள் முதலில் செய்ய வேண்டியது விடுமுறையும் முன்பணமும் கொடுப்பது. இரண்டாவது, சென்னைக்கு வழி காட்டுவது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கின்றன.

நோய் விசாரிக்கப் போகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இம்மருந்துகள் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். அப்போது நமக்குச் சாதாரணமான சளியும் அப்பிள்ளைக்கு ஆபத்து. ஆகையால் கூட்டமாய்ப் போகாதீர்கள். இருமல் உள்ளவர் போகவே வேண்டாம். கைப்பேசியில் இரண்டு வார்த்தை பேசி துஆச் செய்தால் போதும். டாக்டரைக் கேளாமல் பழமோ பலகாரமோ கொடுக்க வேண்டாம். வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு 38 டிகிரிக் காய்ச்சல் கண்டால் நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரி சேர வேண்டும். அந்நேரத்துக்கு அழைத்தால் வரும் கார் ஒன்று அக்கம்பக்கத்துச் சகோதரரிடம் இருக்குமானால், அது பழக்கூடை பத்துக்குச் சமானம்.

இறுதியாக இரத்தம். மருந்தின் வேகத்தில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, பிள்ளைக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். பிறர் கொடுத்த தட்டணுக்களைத்தான் ஏற்ற வேண்டும். அவையோ 5 முதல் 7 நாளுக்கு மேல் கெடாமல் இரா. மூட்டை கட்டிக் கிட்டங்கியில் வைக்கிற சரக்கு அன்று. ஒரே நாளில் 200 பேர் திரண்டு கொடுத்துப் படம் பிடித்துக் கொள்ளும் இரத்ததான விழா நல்லதே; அடுத்த வாரமே தட்டுப்பாடு வந்துவிடும். முழு இரத்தம் கொடுப்பவர் ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கடையில் தகுதியுள்ளோர் 12 பேர் இருந்தால், மாதத்துக்கு 4 பேராகப் பிரித்துத் தேதி குறித்துக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வையுங்கள். பண்டிகைக் காலங்களில் இரத்த வங்கியில் இருப்புக் குறைவது வழக்கமாதலால், ரமலானுக்கு முந்திய வாரத்து முறை முதலாளியுடையதாக இருக்கட்டும்.