இரு ஏடுகளும் ஒரு கணக்கும்

ஒரு நிறுவனத்திலே கணினிகள் பெருகப் பெருக இரண்டு வினாக்கள் எழுகின்றன. “எம்மிடம் உள்ளவை யாவை?” என்பது ஒன்று. “அவற்றால் நிகழவேண்டிய பணி தடையின்றி நிகழ்கின்றதா?” என்பது மற்றொன்று. முன்னைய வினாவுக்கு விடை காணும் துறையைத் தகவல் தொழினுட்பச் சொத்து முகாமை என்பர். பின்னைய வினாவுக்கு விடை காணும் துறையைத் தகவல் தொழினுட்பச் சேவை முகாமை என்பர். இவ்விரண்டும் பிரிந்து நிற்பின் யாது கேடு விளையும், இணைந்து நிற்பின் யாது பயன் விளையும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் யாது தொடர்பு எனச் சிலர் வினவுதல் கூடும். தொடர்பு உண்டு, ஆயின் அது பெருமை தருவதொன்றன்று. யாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பாடசாலையிலே, கையெழுத்து நன்றாயிருந்தமை பற்றிப் பொருட்பதிவேடு எம் பொறுப்பில் விடப்பட்டது. கணினி அறைக்கு இருபது கணினிகள் வந்தபோது, அவற்றின் எண், விலை, வாங்கிய திகதி, உத்தரவாதம் முடியுந் திகதி ஆகிய யாவற்றையும் வரிசையாக எழுதினோம். ஆண்டுதோறும் கணக்கெடுப்புக்கு வருவோர் இருபதையும் எண்ணுவர். யாமும் “சரி” எனக் குறியிடுவோம். கணினி அறையிலே வேறொரு கொப்பி இருந்தது. அவ்வறைக்குப் பொறுப்பான ஆசிரியர் நாடோறும் நேரும் பழுதுகளை அதில் எழுதிவந்தார். எமது ஏடு அலுவலக அலுமாரியில் உறங்கிற்று. அவரது கொப்பி மேசை இலாச்சியில் உறங்கிற்று. நான்கு ஆண்டுகள் அவை ஒன்றையொன்று கண்டதில்லை.

புதிதாக வந்த அதிபர் ஒருநாள் இரண்டையும் அருகருகே விரித்து வைத்தார். இருபதில் ஏழு இயங்காதவை எனத் தெரிந்தது. வேறு மூன்று, உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பழுதுற்று, பெற்றோர் தந்த பணத்திலே வெளியிற் கொடுத்துத் திருத்தப்பட்டவை எனவும் தெரிந்தது. உத்தரவாதத் திகதி எமது ஏட்டில் இருந்தது. பழுதுற்ற திகதி அவரது கொப்பியில் இருந்தது. இரண்டையும் ஒருங்கே கண்டவர் ஒருவருமிலர். இவ்விடையில் உயர்தர வகுப்பு மாணவர் மூவர் மூவராக ஒரு கணினியின் முன் நெருங்கியிருந்து செய்முறை பயின்றனர். எமது ஏட்டிலே எழுத்துப் பிழை ஒன்றேனும் இல்லை. ஆயினும் அது பொய் கூறும் ஏடாயிற்று. அன்றுதொட்டே இப்பொருள் எம் நெஞ்சை விட்டகலவில்லை.

எமக்குப் பழக்கமான இலக்கணத்தைக் கொண்டே இதனை விளக்குவாம். சொத்துப் பதிவேடு பெயர்ச்சொற்களின் தொகுதி. இன்ன கணினி, இன்ன மென்பொருள், இன்ன உரிமம், இன்ன ஒப்பந்தம் என அது பொருள்களைப் பெயரிட்டு நிறுத்தும். சேவைப் பதிவேடு வினைச்சொற்களின் தொகுதி. நின்றது, பழுதுற்றது, மாற்றப்பட்டது, திருத்தப்பட்டது என அது நிகழ்ச்சிகளைக் கூறும். எழுவாய் மாத்திரம் நிற்பின் வாக்கியம் முடிவதில்லை, பயனிலை மாத்திரம் நிற்பின் “எது?” என்னும் வினா எஞ்சும். இரண்டும் பொருந்தியவிடத்தேயே பொருள் நிரம்பும்.

இத்துறைகளின் வரலாற்றையும் சிறிது அறிதல் நன்று. 1980 களின் பிற்பகுதியிலே, பிரித்தானிய அரசின் மத்திய கணினி, தொலைத்தொடர்பு முகவரகம் சேவை முகாமைக்குரிய நல்வழக்குகளைத் தொகுத்து நூற்றொகுதி ஒன்றை ஆக்கத் தொடங்கிற்று. அதுவே இன்று ஐ.ரி.ஐ.எல். என வழங்குவது. 2007 இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, சொத்துக்களையும் அவை தம்முள் இயைந்து நிற்கும் அமைப்பையும் ஒரே தலைப்பிற் கூறிற்று. 2019 இல் வந்த நான்காம் பதிப்பு அவற்றை இரு வேறு பயிற்சிகளாக வகுத்தது. சர்வதேசத் தரங்களிலும் சேவைக்கு 20000 என்னும் எண்ணும், சொத்துக்கு 19770 என்னும் எண்ணும் தனித்தனியே உள. வகுத்துக் கூறுதல் நூலோர்க்கு வசதி. வகுத்தவற்றை மீண்டும் தொடுத்தல் நிறுவனத்தாரின் கடமை.

அக்கடமை தவறியவிடத்து நேருங் கேட்டுக்கு 2017 இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். ஈக்விபக்ஸ் என்பது மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் நிறுவனம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், அப்பாச்சி ஸ்ரட்ஸ் என்னும் மென்பொருளிலே பெருங்குறை உண்டென வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. நிறுவனத்தார் வாளாவிருந்தாரல்லர். 400 க்கு மேற்பட்டோர்க்கு மடல் அனுப்பி, 48 மணி நேரத்துள் திருத்துமாறு பணித்தனர். தேடுகருவி கொண்டுந் தேடினர். குறையுடைய இடம் அகப்படவில்லை. அம்மென்பொருள் அங்கே பயன்படுகின்றதென்பதை அறிந்திருந்த ஆக்குநரின் பெயர் அம்மடற் பட்டியலில் இல்லை. மே மாதத்திற் கள்வர் புகுந்தனர். வலையமைப்பைக் கண்காணிக்குங் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் கழிந்திருந்தமையால், அவர்தம் நடமாட்டம் புலப்படவில்லை. யூலை 29 ஆந் திகதி அச்சான்றிதழைப் புதுப்பித்த பின்னரே களவு வெளிப்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்கள் பறிபோயின. அந்நிறுவனத்திடம் முழுமையான தகவல் தொழினுட்பச் சொத்துப் பட்டியல் இருக்கவில்லை என்பதை 2019 இல் வெளிவந்த அமெரிக்கச் செனற் உபகுழுவின் அறிக்கை சுட்டிக்காட்டிற்று. ஆணை பிறந்தது, ஆணை சென்று சேரவேண்டிய பொருள் எங்குளதென்பது தெரியவில்லை. வினை இருந்தது, பெயர் இல்லை என்க.

நம் நாட்டிலும் எச்சரிக்கை கிடைத்துள்ளது. 2023 ஓகஸ்ட் மாதத்தில், கப்பங் கோரும் தீமென்பொருள் அரசின் மின்னஞ்சற் சேவையைத் தாக்கியதனால், அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அங்கே பயன்பட்டது மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கியோர் தம் ஆதரவை 2023 ஏப்பிரில் 11 ஆந் திகதியே முடித்துவிட்டனர். ஒரு பொருளின் ஆயுள் முடியுந் திகதி சொத்துச் செய்தி. அதனை நம்பி எத்தனை அலுவலகங்கள் இயங்குகின்றன என்பது சேவைச் செய்தி. இரண்டும் ஒரே தாளில் நின்றாலன்றி ஆபத்தின் அளவு கண்ணுக்குப் படாது.

இனி, இணைக்கும் வழியைக் கூறுவாம். முதலாவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஓரெண் வேண்டும். இரண்டு ஏடுகளிலும் அவ்வெண்ணே வழங்கல் வேண்டும். கணினியை ஓரேடு வரிசையெண்ணாலும் மற்றையது “யன்னலோரத்துக் கணினி” எனவும் குறிப்பின் இணைப்பு என்றும் கைகூடாது. இரண்டாவது, பழுதை எழுதும்போது எப்பொருளின் பழுது என்பதைக் கட்டாயம் எழுதல் வேண்டும். மூன்றாவது, ஒரு பொருளை மாற்றினாலும் இடம் பெயர்த்தாலும், பதிவேட்டில் அது திருத்தப்படும்வரை அவ்வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. நான்காவது, எச்சேவை எப்பொருளை நம்பி நிற்கின்றது என்பதைக் குறித்தல் வேண்டும். பெயரை வினையோடு தொடுக்கும் வேற்றுமை போல்வது இது. ஐந்தாவது, உத்தரவாதம், உரிமம், சான்றிதழ், ஆதரவு ஆகியவை முடியுந் திகதிகளைச் சேவை பேணுவோர் முன்கூட்டியே காணும்படி வைத்தல் வேண்டும்.

விண்டோஸ் 10 க்குரிய வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதி முடிவுற்றது. அதனை இயக்கும் கணினிகள் நம்மிடம் எத்தனை, அவற்றில் நடைபெறும் பணிகள் எவை என ஒருவர் வினவின், ஒரு நாழிகைக்குள் விடையளிக்கக்கூடிய நிறுவனமே இரண்டையும் இணைத்த நிறுவனமாகும்.

ஒன்று கூறி அமைவாம். இணைத்தல் என்பது பெருவிலை கொடுத்துப் புதிய மென்பொருள் வாங்குதல் எனப் பலர் மயங்குவர். பொய்யான இரண்டு ஏடுகளை ஒரு கணினியில் ஏற்றினால் பொய் விரைவாகப் பரவுமேயன்றி மெய்யாகாது. சிறிய பாடசாலைக்கு ஒரு விரிதாளும், வாரத்துக்கொருமுறை இரு பொறுப்பாளரும் ஒருங்கிருந்து ஒப்புநோக்கும் அரைமணி நேரமும் போதும். பொருளை எண்ணுபவரும் பொருளைப் பேணுபவரும் ஒருவரோடொருவர் பேசுதலே இதன் உயிர்நிலை.

விழாக் காலத்திலே பழைய மாணவர் பலர் தாம் கற்ற கல்லூரிக்குக் கணினிகளை வழங்க முன்வருகின்றனர். அவ்வன்பு போற்றற்குரியது. வழங்குவோர் “எத்தனை தந்தோம்?” என்பதோடு நில்லாது, “எத்தனை இன்று இயங்குகின்றன?” என அடுத்த ஆண்டும் வந்து வினவுவாராக. பெறுவோராகிய ஆசிரியரும் மாணவரும் அதற்கு நாணாது விடை கூறும் வண்ணம் ஏடு பேணுவோமாக. வழங்கிய கை மகிழ்வதும் பயிலும் கை பயனடைவதும் அவ்விடையிலேயே தங்கியுள்ளன.