கொள்ளைநோயும் காலக்கணக்கும்

உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை உற்றுப் பாருங்கள். கோவிட் நோயை உண்டாக்கும் வைரஸ்களை அந்த இடைவெளியில் ஒன்றையடுத்து ஒன்றாக வரிசையில் வைத்தால், ஏறத்தாழ 10,000 வைரஸ்கள் அதில் அடங்கும். இத்தனை சிறிய துகள்தான் 2020இல் பள்ளிகளை மூட வைத்தது, ரயில்களை நிறுத்தியது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதை உலகளாவிய கொள்ளைநோய் என்று குறிப்பிட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வழக்கமான இறப்புகளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் இறந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

வைரஸால் தானாக உண்ணவோ பெருகவோ இயலாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அச்செல்லைக் கொண்டே தன்னைப் போன்ற பிரதிகளை உண்டாக்கிக்கொள்கிறது. அப்படியானால் இதற்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? விடை நீங்கள் கணக்கு வகுப்பில் படித்த பெருக்குத் தொடரில் இருக்கிறது.

இரண்டும் ஒன்றும்

நோயுற்ற ஒருவர் சராசரியாக 2 பேருக்கு நோயைத் தருகிறார் என்று கொள்வோம். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவ 5 நாள் ஆகட்டும். இதை ஒரு சுற்று எனலாம். முதல் சுற்றில் 2 பேர், அடுத்து 4, பிறகு 8. பத்தாம் சுற்றில் 1,024 பேர். இருபதாம் சுற்றில், அதாவது நூறாவது நாளில், புதிதாக நோயுறுவோர் 10,48,576 பேர்!

இப்போது சராசரியை 2லிருந்து 1.1 ஆகக் குறைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இருபதாம் சுற்றில் புதிதாக நோயுறுவோர் ஏறத்தாழ 7 பேர் மட்டுமே. சராசரி 0.9 ஆனால், 1,000 நோயாளிகளுடன் தொடங்கினாலும் இருபதாம் சுற்றில் 122 பேர்தான் இருப்பார்கள். நோய் தானே அடங்கிவிடும். ஆகவே பரவலை முற்றிலும் பூச்சியமாக்க வேண்டியதில்லை. சராசரியை ஒன்றுக்குக் கீழே இறக்கினால் போதும். முகக்கவசம், நோயுற்றவர் வீட்டில் தங்குதல், கூட்டம் தவிர்த்தல் ஆகிய ஒவ்வொன்றும் அந்த எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது.

காற்றில் மிதக்கும் துளிகள்

பேசும்போதும் இருமும்போதும் நம் வாயிலிருந்து பல அளவுள்ள துளிகள் வெளிப்படுகின்றன. சிறிய துளி காற்றில் விழும் வேகத்தை, 1851இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட விதியைக் கொண்டு கணிக்கலாம். துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால், விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

அசைவற்ற காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி சுமார் 6 விநாடியில் தரையை அடையும். 0.01 மில்லிமீட்டர் துளிக்குச் சுமார் 8 நிமிடம் வேண்டும். 0.001 மில்லிமீட்டர் துளிக்கோ 14 மணி நேரம் ஆகும்! உண்மையில் அறைக்காற்று அசைந்துகொண்டே இருப்பதால் இந்த நுண்துளிகள் எங்கும் சுற்றித் திரியும். எட்ட நிற்பது பெரிய துளிகளிலிருந்து நம்மைக் காக்கும். நுண்துளிகளை வெளியேற்றச் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும்.

உடலுக்குள் நடக்கும் ஓட்டம்

வைரஸ் உள்ளே புகுந்துவிட்டால் என்ன ஆகிறது? சளிப்படலமும் மூச்சுக்குழலின் நுண்மயிர்களும் முதலில் தடுக்கின்றன. அவற்றைத் தாண்டினால், அந்நியப் பொருளை விழுங்கும் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. இவை வந்த பகைவன் யார் என்று நுணுக்கமாக ஆராய்வதில்லை. ஆளறிந்து தாக்குபவை லிம்போசைட்டுகள் எனப்படும் வேறு வகை வெள்ளணுக்கள். நம் உடலில் கோடிக்கணக்கான லிம்போசைட்டுகள் உள்ளன. ஆனால் புதிதாக வந்த ஒரு வைரஸின் வடிவத்துக்குப் பொருந்துபவை அவற்றுள் மிகச் சிலவே. அவை இனங்கண்டு, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் படையாகத் திரள வேண்டும். எதிர்ப்பொருள்கள் போதிய அளவு உண்டாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

வைரஸும் பெருக்குத் தொடரில் பெருகுகிறது. நம் லிம்போசைட்டுகளும் அவ்வாறே பெருகுகின்றன. ஆனால் வைரஸ் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. நோயின் கடுமையும் உயிரின் பிழைப்பும் பெரிதும் இந்தச் சில நாள் இடைவெளியைப் பொறுத்தவை.

ஒருமுறை வென்ற பின் அப்படையில் ஒரு பகுதி நினைவு அணுக்களாகத் தங்கிவிடுகிறது. இதற்கு அழகிய சான்று ஒன்று உண்டு. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை வந்தது. பிறகு 65 ஆண்டுகள் அந்நோய் அங்கே தலைகாட்டவில்லை. 1846இல் மீண்டும் வந்தபோது, அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் நோயுற்றனர். அதை ஆராயச் சென்ற டென்மார்க் நாட்டு இளம் மருத்துவர் பானம், 1781இல் நோய் கண்டு பிழைத்த முதியவர்களுள் ஒருவரையும் அது மீண்டும் தொடவில்லை என்று கண்டறிந்தார். 65 ஆண்டுகள் அவர்கள் உடல் மறக்கவில்லை!

நோயுறாமலே இந்த நினைவைப் பெறும் வழிதான் தடுப்பூசி. வைரஸ் வரும் முன்பே படை திரண்டிருப்பதால், இழக்கவிருந்த நாள்கள் நமக்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகின்றன. 1796இல் ஜென்னர் காட்டிய இவ்வழியால் பெரியம்மை அடியோடு ஒழிந்தது. 1980இல் உலகம் அதை முறைப்படி அறிவித்தது. ஆனால் எல்லா நினைவும் தட்டம்மை நினைவைப் போல நீடிப்பதில்லை. ஃப்ளு, கோவிட் வைரஸ்கள் தம் வடிவத்தை மாற்றிக்கொண்டே வருகின்றன. ஆகவேதான் அவற்றுக்குத் தடுப்பூசியைப் புதுப்பிக்க நேர்கிறது.

சக்தியைப் பெருக்கலாமா?

'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று கூறி மாத்திரைகளும் பானங்களும் மாவுகளும் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். நோயெதிர்ப்பு என்பது திருகினால் ஏறும் ஒற்றைக் குமிழ் அன்று. அது மிகையானாலும் கேடுதான். மகரந்தத் தூளைக் கண்டு எழும் ஒவ்வாமை அத்தகைய மிகையே. கடுமையான கோவிட் நோயில், உடலின் சொந்தப் படையே அளவுமீறி எழுந்து நுரையீரலைப் பாழாக்கியது. 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், அந்தக் கொந்தளிப்பைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் பயன் கிடைக்கவில்லை!

அப்படியானால் உணவினால் பயனில்லையா? பெரும்பயன் உண்டு. அகலில் எண்ணெய் குறைந்தால் சுடர் மங்கும். ஊற்றினால் ஒளி மீளும். நிறைந்த அகலில் மேலும் ஊற்றினால் சுடர் பெரிதாகாது, எண்ணெய்தான் வழியும். லிம்போசைட்டுகள் பெருகப் புரதம் வேண்டும். பருப்பும் கடலையும் முட்டையும் பாலும் அதைத் தரும். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை உயிர்க்கொல்லியாகிறது. கீரையும் பப்பாளியும் அக்குறையைப் போக்கும். ஆனால் அதே வைட்டமினை மாத்திரையாக அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் நஞ்சாகும். போதிய உறக்கமும் வேண்டும், புகையிலை வேண்டாம். விளம்பரத் தூள்களுக்குச் செலவிடும் பணம், கீரைக்கும் முட்டைக்கும் செலவானால் குறைபாடு உண்மையில் நீங்கும்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மூடிய அறையில் ஓர் ஊதுவத்தியைச் சிறிது நேரம் எரித்து அணையுங்கள். மணம் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். மறுநாள் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்து, இரண்டு நேரங்களையும் ஒப்பிடுங்கள்.

விடை காணுங்கள்

1. 0.02 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி ஒன்றரை மீட்டர் விழ எவ்வளவு நேரம் ஆகும்?

2. ஒருவர் 3 பேருக்கு நோயைத் தந்தால், எத்தனையாவது சுற்றில் புதிய நோயாளிகள் 1,000ஐத் தாண்டுவர்?

(விடைகள்: 1. சுமார் 2 நிமிடம். 2. ஏழாவது சுற்றில்.)