இரைப்பையில் சுருங்கி, குடலில் ஊதும் மணி

கேள்வி: கடற்பாசிப் பொருளில் செய்யும் மருந்து மணிகள் இரைப்பையில் உடையாமல் குடலில் மட்டும் உடைவது எப்படி?

பதில்: ஆல்ஜினேட் மணிகளைத்தானே கேட்கிறீர்கள்? பழுப்புக் கடற்பாசியில் கிடைக்கும் சரக்கு அது. நம் மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம் என்ற பழுப்புப் பாசியிலும் உண்டு. சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் மருந்தைக் கலந்து, ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடு நீரில் சொட்டவிட்டால், விழுந்த சொட்டு ஊறிய ஜவ்வரிசிபோல உருண்டு நிற்கும். ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கால்சியம் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

இரைப்பை அமிலத்தில் அந்தச் சங்கிலிகளின் மின்னூட்டம் அடங்கிவிடும். ஒன்றையொன்று தள்ளாது, நீரும் அதிகம் நுழையாது. மணி சற்றுச் சுருங்கவே செய்யும். குடலில் அமிலம் இல்லை. மின்னூட்டம் திரும்புகிறது, சோடியம் வந்து கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது, பாஸ்பேட் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. மணி ஊதி, பிறகு உடைகிறது.

குறை இல்லாமல் இல்லை. நீரில் எளிதில் கரையும் சிறு மூலக்கூறு மருந்துகள், மணி செய்யும்போதே நுண்துளை வழியாகக் கசிந்துவிடும். என்னைக் கேட்டால் பெரிய தலைவலி இதுதான். இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானை மேலே பூசினால் கசிவு குறையும், வீக்கமும் கட்டுப்படும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்ப்பவரானால், மணியை எந்தக் கரைசலில் ஊறவைத்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். பாஸ்பேட் கலந்ததில் அது சீக்கிரமே உடையும்.